பழைய இராணுவ றைபிளுக்கு விலை மதிப்பதில் விடும் பிழைகள்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பாவின் பி.எஸ்.ஏ. சைக்கிள் இன்னும் நிற்கிறது. அதன் முன்கழுத்தில் உள்ள முத்திரையைச் சின்ன வயதில் ஏதோ முக்காலி என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று துவக்குகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய சின்னம் அது என்று சொன்னவர், பொலிஸில் சார்ஜண்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமா. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவே 'பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ்'. சைக்கிளுக்கு முன்பே துவக்கு செய்த கம்பனி அது. மாமா சேவையில் தூக்கித் திரிந்த 303, அதாவது லீ-என்பீல்ட் என்ற பிரித்தானிய இராணுவ றைபிளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேத்தண்ணீர் ஆறிப்போகும்.

அவர் இப்போது இல்லை. அவரிடம் கேட்டதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துக்கொண்டு, ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு ஆறு மாதமாக வட்ஸ்அப்பில் உபதேசம் நடக்கிறது. மனிதர் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். உரிமமும் எடுத்துவிட்டார். பழைய லீ-என்பீல்ட் ஒன்று வாங்காமல் விடமாட்டேன் என்று நிற்கிறார். வாரத்துக்கு இரண்டு படம் வரும், கூடவே ஒரு கேள்வி: "மச்சான், இந்த விலை சரியோ?"

அவருக்கு முதலில் பிடித்துப்போவது எப்போதும் பளபளப்பானதுதான். எல்லாரும் விடுகிற பெரிய பிழையும் அதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவசரமாகச் செய்து அனுப்பிய துவக்கு மினுங்காது. இரும்பு மங்கலாக, கருமையாக இருக்கும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார்கள், வார்னிஷ் பூசமாட்டார்கள். ஆகவே கண்ணாடிபோல் மினுங்கும் மரத்தைக் கண்டால் யாரோ பிற்காலத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சாண்ட் பேப்பர் போட்டவுடன் மரத்தில் குத்தியிருந்த பரிசோதகர் முத்திரைகள் போய்விடும். பெயர் வெட்டிய பழைய வெண்கலச் செம்பை, பெயர் அழியும்வரை புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதைதான். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்த முத்திரைகளுக்கு. இரும்பைச் சுரண்டி நீலக் கருமையாக மறுபடி மெருகூட்டியிருந்தாலும் இப்படித்தான், செலவழித்தவருக்கு அந்தச் செலவு விலையில் திரும்பி வராது.

ஒன்று மட்டும் விலக்கு. 'எப்.ரி.ஆர்.' என்ற எழுத்துகளும் பக்கத்தில் ஓர் ஆண்டும் வெட்டியிருந்தால், தொழிற்சாலையே முழுதாகத் திருத்திக் கொடுத்த துவக்கு அது. அதில் பூச்சு புதிதாகத் தெரிவதில் சூது எதுவும் இல்லை.

அடுத்தது எண்கள். லீ-என்பீல்டின் இரண்டாம் உலகப் போர்க்கால மாதிரியான நம்பர் 4 றைபிளில் உடலின் இடப்பக்கம் ஒரு தொடர் எண் இருக்கும். அதே எண் போல்டின் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் தண்டு) கைப்பிடிப் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். முன்மரத்தின் அடியிலும் பார்க்கலாம். விற்பவர் "எல்லா எண்ணும் பொருந்தும்" என்று எழுதுவார், படம் ஒன்றை மட்டும் போடுவார். எண் பொருந்துவதோடு எழுத்தின் வெட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிதாகக் குத்தினால் அந்த இடம் சற்றுப் பள்ளமாகவோ கூடுதல் மினுக்கமாகவோ தெரியும். சோவியத் கிடங்குகளில் போருக்குப் பிறகு மொசின்-நகான்ட் என்ற ரஷ்ய இராணுவ றைபிள்களைத் தொகையாகப் பிரித்துப் பூட்டியபோது இப்படித்தான் எண்ணைப் புதிதாகப் போட்டுப் பொருத்தினார்கள். அது ஏமாற்று அல்ல, அவர்களுடைய வழக்கம். ஆனால் அதைத் தொழிற்சாலையில் பிறந்தபடி இருக்கும் துவக்கின் விலைக்கு வாங்கினால் நீங்கள்தான் ஏமாளி.

போல்ட் எண் பொருந்தாவிட்டால் விலை குறைவதோடு பிரச்சினை முடியாது. நம்பர் 4இன் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் வரும். தோட்டா அறைக்குள் இறுக்கமாக உட்காருவதற்காக, ஒவ்வொரு துவக்குக்கும் அளந்து பார்த்துப் போட்டது. வேறொன்றின் போல்டை மாட்டினால் போல்ட் தலைக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கலாம், தோட்டாவின் கோது பின்பக்கம் கிழியலாம். இதைக் கேஜ் என்ற அளவுகருவி வைத்துத்தான் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து "ஓகே" சொல்லுகிற விற்பனையாளரை நம்பவேண்டாம்.

குழல். மாமா அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். அந்தக் காலத் தோட்டாவின் அடியில் இருந்த வெடிமருந்து எரிந்தால் உப்பு மிஞ்சும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் கறள் தொடங்கிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதனால்தான் சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். அப்படிக் கழுவாமல் விட்டவன் கையில் இருந்ததா இல்லையா என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது. பின்பக்கம் போல்டைக் கழற்றி, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. சற்றுக் கருத்திருந்தால் பயப்பட வேண்டாம், அப்படிப்பட்ட குழல்கள் பல இன்னும் நேராகச் சுடும். குழி குழியாக அரித்திருந்தால்தான் ஆபத்து.

இரண்டு இடத்தில் ஆட்கள் குழம்புவார்கள். ஒன்று, வழக்கமான ஐந்து பள்ளத்துக்குப் பதில் இரண்டே பள்ளம் இருந்தால் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்குவது. போர்க்காலத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு பள்ளக் குழல்களையே செய்தார்கள், அவை நன்றாகவே சுட்டன. மற்றது, முன்வாயைப் பார்க்காமல் விடுவது. துப்புரவு செய்யக் கயிறு கட்டி இழுத்த இழுப்பில் வாய் ஒருபக்கம் தேய்ந்திருக்கும். கிணற்று மிதியில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மருந்தில்லாத போலித் தோட்டாவைத் தலைகீழாக வாயில் விட்டுப் பாருங்கள். சன்னம் முழுதும் உள்ளே இறங்கிக் கோதின் விளிம்பு குழலில் முட்டினால், அந்த வாய் முடிந்த கதை.

'டி.பி.' என்று வெட்டியிருந்தால் கதைக்கே இடமில்லை. அணிவகுப்புப் பழக மட்டும் ஒதுக்கிய துவக்கு அது, சுடக்கூடாது. சுவரில் மாட்டுகிற விலைக்குத் தந்தால் பார்க்கலாம்.

பழசு என்றால் அரிது என்று நினைப்பதும் உண்டு. மச்சான் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத லோங் பிராஞ்ச் தொழிற்சாலை மட்டும் 9 லட்சத்துக்கு மேல் நம்பர் 4 செய்தது. போர் முடிந்த பிறகு இவை மலிவாக விற்கப்பட, வேட்டைக்காரர்கள் பாரம் குறைக்க முன்மரத்தை அறுத்து எறிந்தார்கள். அந்த அறுத்த துவக்கைக் குறைந்த விலைக்கு வாங்கி மரம் தேடிப் பூட்டி இலாபம் பார்க்கலாம் என்று மச்சானுக்கு ஒரு திட்டம் இருந்தது. நல்ல முன்மரமும் அதைக் குழலோடு பிடிக்கும் வளையங்களும் தனித்தனியே வாங்கிக் கூட்டிப் பார்த்தால், அறுக்காத ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்று வரும். மான் சுடத்தான் என்றால் அறுத்ததே போதும், அதை அறுத்த விலைக்கு வாங்கினால் சரி.

உண்மையிலேயே அரிதானது குறிபார்த்துச் சுடுபவர்களுக்காகத் தெரிந்தெடுத்த நம்பர் 4 (ரி). பெரும்பாலானவற்றைத் தொலைநோக்கி பூட்டி மாற்றியது லண்டனின் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட். விலை பலமடங்கு என்பதால் போலியும் அதிகம். உடலின் இடப்பக்கம் 'ரி', 'ரி.ஆர்.' எழுத்துகள், தோளில் வைக்கும் அடிக்கட்டையின் கழுத்துக்குக் கீழே 'எஸ் 51', கழுத்தின் மேலே தொலைநோக்கியின் எண், இத்தனையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். ஒரு சாட்சி குறைந்தாலும் சாதாரண துவக்கின் விலைதான் பேச வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை: விற்பவர் கேட்கிற விலை விலை அல்ல. ஏலத்தில் கைமாறிய விலைகளைப் பாருங்கள்.

இதை இங்கே வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அத்திவாரம் வெட்டும்போதோ கிணறு இறைக்கும்போதோ கறள் பிடித்த துவக்கு வெளிப்படுவது எங்கள் ஊரில் புதினமல்ல. "வெள்ளைக்காரன் காலத்து 303, வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும்" என்று யாரோ காதில் போட, அதைச் சாக்கில் சுற்றி வைத்தவர் கதை ஒன்று எனக்குத் தெரியும். உரிமம் இல்லாத துவக்குக்கு இலங்கையில் விலை கிடையாது, வழக்குத்தான் உண்டு. உள்ளே ரவை இருக்கலாம், பக்கத்தில் வேறு வெடிபொருளும் இருக்கலாம். தொடாமல் விட்டுவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

நேற்று மச்சானிடமிருந்து இன்னொரு படம் வந்தது. லோங் பிராஞ்ச், 1943. மரத்தில் எண்ணெய்க் கறை, அடிக்கட்டையில் யாரோ கத்தியால் கீறிய இரண்டு எழுத்து. "அசிங்கமாக் கிடக்கு, விடட்டோ?" என்று கேட்டிருந்தார். போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.