ஜாகரிக்குச் சொந்த ஊர் எது? ஒரு சொல்லின் வேரைத் தேடும் வழி

உடன்குடிக் கருப்பட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பொட்டலத்தில் ‘பாம் ஜாகரி’ என்று போடுவார்கள். ஆங்கிலேயர் வீட்டில் அதிகம் புழங்காத அந்த ‘ஜாகரி’யை வைத்தே தேடிப் பழகலாம்.

முதலில் ஒரு நல்ல ஆங்கில அகராதியில் சொல்பிறப்புப் பகுதியைப் பாருங்கள். போர்ச்சுகீசு என்று இருக்கும். அதோடு நிறுத்தாமல், அவர்கள் யாரிடம் வாங்கினார்கள் என்று பாருங்கள்: மலையாளத்துச் சக்கர, கன்னடத்துச் சக்கரெ, அதற்கும் பின்னால் சமஸ்கிருத சர்க்கரா.

அடுத்தது தேதி, இங்கே அவசரமே கூடாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல், ஆங்கிலத்தில் ஜாகரி தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆக வரிசை சரி. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு, யூலும் பர்னெலும் 1886இல் கொண்டுவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியை விட்டால் ஆளில்லை. பழைய பயணிகள் எழுதிய வரிகளை ஆண்டோடு கொடுத்திருப்பார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஜாகரி என்றால் பனை வகை மரங்களின் பதநீரில் காய்ச்சிய கருஞ்சர்க்கரை. வெல்லக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

அப்புறம் பொருள். சர்க்கரா என்றால் பொடிக்கல், பரல் என்றும் பொருள் உண்டு. சீனியைக் கையில் அள்ளிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். இதே சொல் பாரசீகம் வழியாக அரபிக்குப் போய் ‘சுக்கர்’ ஆகி, ஐரோப்பாவில் நுழைந்து ‘சுகர்’ ஆனது. சுகரும் ஜாகரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், ஒன்று அரபியரோடு போனது, மற்றது போர்ச்சுகீசியரோடு போனது.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தமிழ் ‘ஒன்று’தான் ஆங்கில ‘ஒன்’ ஆனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, ஜெர்மனில் ‘ஐன்ஸ்’, லத்தீனில் ‘ஊனுஸ்’; பின்னோக்கிப் போகப் போக நம் ‘ஒன்று’ தூரமாகிக்கொண்டே போகும். நம்ம இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், சொற்களோடு நிற்காமல் வேற்றுமை உருபு, எண்ணுப்பெயர், வினை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தனிச் சொல்லைக் கடன் வாங்குவது சுலபம், இலக்கணத்தை அப்படி வாங்க முடியாது.

பயிற்சிக்கு ‘பாலிகார்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஹாப்சன்-ஜாப்சனில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்குத் துப்பு எதுவும் கிடையாது.