எளிய இயந்திரங்கள்: விசை எவ்வளவு மிச்சம், கயிறு எவ்வளவு செலவு?

"எளிய இயந்திரங்கள் வேலையை எளிதாக்குகின்றன" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில்கூட எழுதிவிடும். எப்படி என்று கேட்டால், "பலம் கம்மியா போதும் அண்ணா" என்று பதில் வரும். அது பாதி பதில்தான். மிச்ச பாதி தூரத்தில் இருக்கிறது. பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பாடத்தை இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சோதனையிலும் விசையை அளக்கும்போதே தூரத்தையும் அளக்க வேண்டும். தூரத்தை அளக்காத சோதனை வெறும் வேடிக்கைதான்.

வாங்க வேண்டியவை

ஆறடி நீளப் பலகை (கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரப் பலகையைக் கேட்டால் கொடுப்பார்கள்), ஒரு செங்கல், நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன், இரண்டு கப்பி, கயிறு, நல்ல சக்கரமுள்ள பொம்மை லாரி, அளவு நாடா, துணி கிளிப், ஒரு ஸ்பிரிங் தராசு.

தராசு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் குழாய் வடிவ ஸ்பிரிங் தராசுதான் வேண்டும், 2 கிலோ வரை காட்டுவது போதும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் லக்கேஜ் தராசு வேண்டாம். பெரும்பாலானவை எண் நிலைத்ததும் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் எப்படி இழுத்தாலும் திரையில் அதே எண்தான் நிற்கும். அது மட்டுமல்ல, ஸ்பிரிங் நீள்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கப்பியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். துணி காயப்போடும் ஹேங்கரில் வரும் பிளாஸ்டிக் கப்பி சும்மா சுற்றினாலே கிறீச்சிடும். மண்ணடிப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் பேரிங் வைத்த சின்னக் கப்பி என்று கேட்டு வாங்குங்கள். விரலால் தட்டிவிட்டால் சில வினாடிகளாவது சுற்ற வேண்டும்.

முதலில் நெம்புகோல், கேனை வைத்து

சென்னைப் பிள்ளைகளுக்கு 20 லிட்டர் கேனின் எடை கை அறிந்த எடை. அதனால்தான் அதையே எடுத்துக்கொள்கிறேன். பலகையின் ஒரு முனையில் கேனை நிறுத்தி, நழுவாமல் கயிற்றால் கட்டுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். செங்கல்லைப் பலகைக்கு அடியில் படுக்கையாக வையுங்கள். கேனின் நடுப்பகுதியிலிருந்து செங்கல்லுக்கு 30 செ.மீ. இருக்க வேண்டும். கேனின் விளிம்பிலிருந்து அளந்தால் கணக்கு இடிக்கும். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் 120 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். கை வைக்கும் இடம் அது.

இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு அந்தக் கோட்டில் அழுத்தச் சொல்லுங்கள். கேன் எழும்பும். கைதட்டல் அடங்கியதும் அளவு நாடாவை எடுங்கள். கை 20 செ.மீ. கீழே இறங்கினால் கேன் 5 செ.மீ.தான் ஏறியிருக்கும். நான்கில் ஒரு பங்கு விசை, நான்கு மடங்கு தூரம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஒரு குறுக்குக் கேள்வி வரும், தயாராக இருங்கள். கேன் சுமார் 20 கிலோ, அதில் நான்கில் ஒரு பங்கு 5 கிலோ. ஆனால் கைக்குப் பதிலாக அந்தக் கோட்டில் 5 கிலோ அரிசிப் பையை வைத்தால் சட்டென்று இறங்கிவிடும், ஏன் என்பார்கள். மூன்று, மூன்றரை கிலோவுக்கே கேன் எழும்பலாம். பலகையின் நீளமான பக்கம் தன் எடையாலேயே அழுத்துவதுதான் காரணம். கேன் இல்லாமல் வெறும் பலகையைச் செங்கல்மேல் வைத்துக் காட்டினால், எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தெருவில் அடி பம்பு இருந்தால் அங்கேயும் நாடாவைக் கொண்டுபோங்கள். கைப்பிடியின் அச்சு எங்கே, அதற்கு இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்தால், குழந்தைகூட அடிக்க முடிகிற ரகசியம் தெரிந்துவிடும்.

சாய்தளம்: எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம்

பலகையின் ஒரு முனையை 30 செ.மீ. உயரத்தில் வைத்து, சாய்வு நீளம் 120 செ.மீ. வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ புத்தகக் கட்டை ஸ்பிரிங் தராசால் பலகைமேல் இழுத்துக் காட்டச் சொல்லித்தான் பல விளக்கங்களில் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 250 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் 500, 600 என்று காட்டும். வாத்தியார் ஒரு கணம் முழிப்பார். அப்புறம் "உராய்வுப்பா" என்று சொல்லிச் சமாளிப்பார். உராய்வு என்பது உண்மைதான். ஆனால் எதிர்பார்த்த அளவைப் போல இரண்டு பங்குக்கு மேல் காட்டினால், முதல் தடவை பார்க்கிற பிள்ளைக்குச் சாய்தளத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

அதற்குத்தான் பொம்மை லாரி. லாரியில் மணலோ உப்புப் பாக்கெட்டோ ஏற்றி, லாரியும் சேர்த்து மொத்தம் 1 கிலோ வருமாறு தராசில் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். இழுக்கும்போது தராசு பலகைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கையை மேலே தூக்கினால் லாரியின் மூக்கு எழும்பும், கணக்கும் தப்பும்.

தராசுக்கும் ஒரு குணம் உண்டு. செங்குத்தாகத் தொங்கும்போது பூஜ்யம் காட்டும் தராசு, படுக்க வைத்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். கொக்கியின் எடை அப்போது ஸ்பிரிங்கை முழுதாக இழுக்காது. தலைகீழாகப் பிடித்தால் இன்னும் குறையும். எந்தக் கோணத்தில் இழுக்கப் போகிறீர்களோ, அந்தக் கோணத்தில் பிடித்து வைத்து முதலில் பூஜ்யத்தைத் திருத்துங்கள்.

இப்போது சீரான வேகத்தில் மெதுவாக மேலே இழுங்கள். 280 அல்லது 290 காட்டும் என்று வைத்துக்கொள்வோம். 250 வரவில்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் செய்கிற ஒன்று: அதே லாரியை, தராசைப் பிடித்தபடியே மெதுவாகக் கீழே இறங்க விடுவேன். இப்போது 210, 220 காட்டும். ஏறும்போது உராய்வு நமக்கு எதிராக இழுக்கிறது. இறங்கும்போது அதே உராய்வு லாரியைப் பிடித்து வைக்க நமக்கு உதவுகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 250க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உராய்வு எவ்வளவு என்பதும் அந்த வித்தியாசத்தில் பாதியாகக் கிடைத்துவிடும். புத்தகக் கட்டில் இது நடக்காது. அது தானாக இறங்கவே இறங்காது.

விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் வேலை. அதை வைத்து அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். நேராகத் தூக்கினால் 1000 × 30. சாய்வில் இழுத்தால் 250 × 120. இரண்டுமே 30,000. சின்ன வகுப்புக்குக் கிராம், சென்டிமீட்டரே போதும். பெரிய பிள்ளைகள் என்றால் 1 கிலோவுக்கு சுமார் 9.8 நியூட்டன் என்று மாற்றி, 0.3 மீட்டரால் பெருக்கி, 2.94 ஜூல் என்று எழுத வையுங்கள்.

இந்த 30,000ஐ முதல் தடவை பார்க்கும்போது சிலருக்கு ஏமாற்றம். "அப்போ வேலை குறையவே இல்லையா அண்ணா?" இல்லை. மொத்தமாகக் கட்ட முடியாத பணத்தைத் தவணையில் கட்டுவது போலத்தான் இது. உராய்வு வட்டி. அதனால் உண்மையில் கொஞ்சம் அதிகமாகவே கட்டுகிறோம். ஆனாலும் 1 கிலோவை ஒரேயடியாகத் தூக்க முடியாத கைக்கு 250 கிராம் முடியும்.

சாலை உயர்ந்து உயர்ந்து வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்ட நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஸ்கூட்டர் ஏற்ற வாசலில் போட்ட சிமெண்டுச் சரிவுகளின் உயரத்தையும் நீளத்தையும் வீட்டுப்பாடமாக அளந்து வரச் சொல்லுங்கள். எந்த வீட்டில் வண்டி தள்ளும்போது மூச்சு வாங்கும் என்று அளவை வைத்தே சொல்லிவிடலாம்.

கப்பிகள்

முதலில் ஒற்றை நிலைக்கப்பி. துணிக்கொடிக் கம்பியில் மாட்டி 1 கிலோ பையை இழுத்தால் 1 கிலோவும் அதற்குமேல் கொஞ்சமும் காட்டும். விசை துளிகூடக் குறையவில்லை. கை 30 செ.மீ. இழுத்தால் பையும் 30 செ.மீ.தான் ஏறும். அப்படியானால் கிணற்றில் ராட்டினம் எதற்கு? குனிந்து மேலே தூக்குவதற்குப் பதில், நின்றபடி உடம்பின் எடையைக் கொடுத்துக் கீழே இழுக்கலாம். திசை மாறியதுதான் லாபம். இதைச் சொல்லாமல் "கப்பி விசையைக் குறைக்கும்" என்று ஒரே வரியில் முடிக்கும் நோட்ஸ்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்து நகரும் கப்பி. கயிற்றின் ஒரு நுனியைக் கம்பியில் கட்டுங்கள். கயிறு கீழே இறங்கி, பை தொங்கும் கப்பியைச் சுற்றி, மேலேறி, நிலைக்கப்பியைத் தாண்டி உங்கள் கைக்கு வரட்டும். பையையும் கீழ்க்கப்பியையும் சேர்த்து எடை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பியையும் நாம்தான் தூக்குகிறோம்.

இங்கேதான் "அண்ணா, மூணு கயிறு இருக்கு, அப்போ மூணுல ஒரு பங்கா?" என்று கேட்பார்கள். பார்ப்பதற்கு மூன்றுதான். ஆனால் கைக்கு வரும் கயிறு சுமையைத் தாங்கவில்லை, மேல் கப்பியிலிருந்து சும்மா இறங்குகிறது. கீழ்க்கப்பியிலிருந்து மேலே போகும் கயிறுகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு. அந்த இரண்டிலும் ஆளுக்கொரு நிறத் துணி கிளிப் மாட்டிவிட்டால் குழப்பம் தீரும். கைக்கயிற்றில் மாட்டிய கிளிப் 40 செ.மீ. இறங்கும்போது பை 20 செ.மீ. ஏறுவதையும் அதே கிளிப் காட்டிக்கொடுக்கும். ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை பார்த்துச் சராசரி எடுக்கும் வித்தை இங்கேயும் செல்லும்.

மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் நிற்கும் கிரேன்களின் கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை இழை கம்பி வடம் அதைத் தாங்குகிறது என்று எண்ணிவிட்டு வந்து, கொக்கி ஏன் அவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று அவர்களே விளக்குவார்கள்.

திருகு, ஆப்பு, சக்கரமும் அச்சும்

ஒரு முக்கோணத் தாளைப் பென்சிலில் சுற்றினால் திருகு. சாய்தளம்தான் சுருண்டு கிடக்கிறது. இதற்குச் சென்னை உதாரணம் அபாரமானது: பள்ளத்தில் போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். 5 மி.மீ. புரி இடைவெளியும் 40 செ.மீ. கைப்பிடியும் உள்ள ஒரு திருகை நினைத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்குக் கை சுமார் 250 செ.மீ. போகிறது, சுமை அரை சென்டிமீட்டர்தான் ஏறுகிறது. கணக்குப்படி 500 மடங்கு. உராய்வு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆனால் இங்கே உராய்வைத் திட்டக் கூடாது. அது இல்லையென்றால் கையை எடுத்ததும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுற்றி வீடு இறங்கிவிடும்.

ஆப்புக்குக் கத்தியும் அரிவாள்மனையும் உண்டு, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். மயிலாப்பூரில் பங்குனித் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குச் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் நினைவிருக்கும். தடித்த பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரும் மெல்லிய பிடியுள்ளதும் கொடுத்து ஒரே திருகைக் கழற்றச் சொன்னால் சக்கரமும் அச்சும் முடிந்தது.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஓர் ஆசிரியை, கை 40 செ.மீ. இழுத்தும் பை 20 செ.மீ. ஏறவில்லை என்று எழுதியிருந்தார். நைலான் கயிறு இழுபடும். முதல் சில சென்டிமீட்டர் கயிறு நீள்வதிலேயே போய்விடும். பம்பரக் கயிறு மாதிரி முறுக்கிய பருத்திக் கயிற்றுக்கு மாறுங்கள். அல்லது பை தரையை விட்டு எழும்பிய பிறகு கிளிப்பை மாட்டி, அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

இன்னொருவர் கேட்டது: நாற்பது பிள்ளைகள், ஒரே தராசு, என்ன செய்வது? விசை அளப்பதை ஒரு குழுவுக்குக் கொடுங்கள். மற்ற குழுக்களுக்குத் தூரம் மட்டும். அளவு நாடாவும் ஸ்கேலும் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். தூரங்களின் விகிதத்தை வைத்து விசை எவ்வளவு வரும் என்று அவர்கள் முதலில் எழுதிக் கொடுக்கட்டும். தராசுக் குழு அதற்கப்புறம் தன் எண்ணைப் படிக்கட்டும்.