வெளிநாடு கிளம்புமுன் மதுரையிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள்

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவருக்குச் சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்புவதெல்லாம் குளிர், சாப்பாடு, தனிமை இந்த மூன்றைப் பற்றித்தான். போய் மூன்று மாதம் கழித்து போன் போட்டால் அவர் புலம்புவது வேறு. பேங்க் ஓடிபி வரவில்லை, பெயர் ஒத்துவரவில்லை என்று பாரத்தைத் திருப்பிவிட்டார்கள், சிம் செத்துப்போச்சு, ஊரில் இருக்கிற இடத்தில் யாரோ கல் ஊன்றுகிறார்களாம். தொல்லை நடப்பது ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கலாம், அதற்கான காரணம் கிடப்பது வில்லாபுரத்திலும் திருநகரிலும் மேலூரிலும்தான். எங்கள் வீட்டு ஆட்கள் பலர் வெளியே இருக்கிறார்கள், அவர்களுக்காக இங்கே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற ஆள் நான். அதனால் சொல்கிறேன், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதத்தை விருந்துக்குப் போவதில் கரைக்காமல் கீழே உள்ளதற்கு ஒதுக்குங்கள்.

பெயரில் ஆரம்பியுங்கள்

நமக்கு ஊரில் ஒரு இனிஷியல் போதும், ரேஷன் கடையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அது ஓடும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுதவேண்டும். பலர் சர்நேம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டு வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்க விசாவில் இப்படி ஒற்றைப் பெயர் வந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துக் கொடுக்கிறார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்புறம் பேங்கில், ஓட்டுநர் உரிமத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்லாம் அது ஒட்டிக்கொண்டே வரும், "மிஸ்டர் ஃப்னூ" என்று நர்ஸ் கூப்பிட்டால் நம்ம கருப்பசாமி எழுந்து போகவேண்டும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களைத் திருப்ப ஆரம்பித்தது. பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார்கள். எதற்கு இந்த வம்பு? உங்கள் பெயர் ஒரு கட்டத்தில், அப்பா பெயர் இன்னொரு கட்டத்தில் என்று பாஸ்போர்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஆபீஸில் எல்லாரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அதைவிட முக்கியம், பாஸ்போர்ட், பான், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒன்றில் 'லட்சுமி' ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருக்கும், நம் ஊரில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை, அங்கே கண்டுகொள்வார்கள். பாஸ்போர்ட்டைத் திருத்த மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இங்கேயே இருக்கிறது. மனைவி குழந்தைகள் பின்னால் வருவதாக இருந்தால், குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததும் வாங்கிய சான்றில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்து, அதை மாநகராட்சியில் போய்ப் பெயர் சேர்க்காமலே விட்ட வீடுகள் ஏராளம். ஃபேமிலி விசா அங்கே போய்தான் மாட்டும்.

டிகிரி சான்றிதழில் முத்திரை வாங்குவது தனி யாத்திரை. காமராசர் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தாலும் முதலில் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அதற்குமேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒரு நாட்டுச் சான்றை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கிற அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005ல் சேர்ந்தது, அதில் உள்ள நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அந்த முத்திரையோடு முடிந்தது. அமீரகம் மாதிரி அதில் சேராத நாடு என்றால் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் சேர்த்து வாங்கவேண்டும். அசலை ஏஜெண்டிடம் கொடுக்கிறவர்கள் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு, ரசீது வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படுகிற வகையாக இருக்கும், வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். "விசிட்டில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்கிற ஏஜெண்ட் பேச்சைக் கேட்டுப் போனால் சம்பளம் பாக்கி விழுந்தால்கூடத் தட்டிக் கேட்கக் காகிதம் இருக்காது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

சிம், ஓடிபி, பேங்க்

இதுதான் மாதாமாதம் உயிரை வாங்குகிற சமாச்சாரம். பேங்க், ஆதார், வருமான வரி, பி.எஃப். எல்லாமே உங்கள் பழைய பத்து இலக்க நம்பரைத்தான் நம்பிக்கொண்டிருக்கின்றன. நிறையப் பேர் அந்த சிம்மை அம்மாவின் பட்டன் போனில் போட்டுவிட்டுப் போகிறார்கள், அங்கிருந்து "யம்மா, ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நியூயார்க்கில் மதியம் மூன்று மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஓடிபி படித்துச் சொல்லிப் பழகிய அம்மா, நாளைக்கு வேறு எவனாவது "பேங்கில் இருந்து பேசுறேன்" என்றாலும் படித்துச் சொல்லத்தான் செய்வார். சிம்மை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பத்து வருடத்துக்கு முன் மச்சான் பெயரில் வாங்கியது இன்னும் அப்படியே இருக்கும். இரண்டு சிம் போடுகிற போன் வேண்டும். கிளம்புமுன் இங்கேயே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள். ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருவதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது, போன் எடுத்துப் பேசினால்தான் தீட்டுவார்கள். தொண்ணூறு நாள் பயன்பாடே இல்லையென்றால் நம்பரைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி, பேலன்ஸில் இருபது ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு முப்பது நாள் நீட்டிப்பார்கள். அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள 365 நாள் ப்ளான்கள் 2025 தொடக்கத்தில் வந்துவிட்டன, அதில் ஒன்றைப் போட்டு முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காக வெளிநாடு போனவுடன் சட்டப்படி நீங்கள் என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடுவாழ் இந்தியர், சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பேங்கில் எழுதிக் கொடுங்கள். ஊரில் வருகிற வாடகை, குத்தகை எல்லாம் அதில் வரும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தனியாகத் திறங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது, பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோகவும் தடையில்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் முப்பது சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது, வெளிநாட்டில் இருக்கிறவர் வீட்டில் குடியிருப்பவர்கூட வாடகையில் வரி பிடித்துக் கட்டவேண்டும். இதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக் குடித்தனக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். அங்குள்ள நம்பரை வைத்தே யூபிஐ ஓட்ட, சிங்கப்பூர், அமீரகம், சவுதி, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாட்டு நம்பர்களுக்கு 2023 ஜனவரியில் அனுமதி வந்தது, ஆனால் கணக்கு என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ.வாக இருக்கவேண்டும்.

பேங்க் வழியாக இல்லாமல் ஆள் மூலம், உண்டியலில் பணம் அனுப்புகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ரேட் நாலு காசு கூடக் கிடைக்கும்தான். நாளைக்கு அந்தப் பணத்தில் ஊமச்சிகுளத்தில் ஒரு பிளாட் வாங்கினால், எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

ஊரில் விட்டுப்போகிற சொத்து

பவர் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் இங்கே இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிந்துவிடுங்கள். அங்கே போனபிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அவர்கள் முன் கையெழுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பி, அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி, அப்பாடா என்றாகிவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். அண்ணனாகவே இருக்கட்டும், எந்த இடம், எந்த வேலை என்று குறித்து அதற்கு மட்டும் கொடுங்கள், அண்ணன் தம்பி உறவு நிலைக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தை எங்கிருந்தும் பார்க்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் கரண்டு மீட்டர் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர் கேட்டைப் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு டோர் லாக் என்று போட்டுவிட்டுப் போவார், பில் குத்துமதிப்பாக வரும். பக்கத்து வீட்டு மைனியிடம் ஒரு சாவி இருந்தால் தீர்ந்தது.

பெட்டியில் எது போகும், எது போகாது

கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். குருமாவுக்கும் சால்னாவுக்கும் நாம் கைநிறைய அள்ளிப் போடுகிற சாமான், அமீரகம், சவுதி, சிங்கப்பூர் இங்கெல்லாம் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இது விளையாட்டு இல்லை. வாயில் அடக்குகிற புகையிலை சிங்கப்பூரில் கூடாது, வெற்றிலை துபாயில் கூடாது. உப்புக்கண்டத்தை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கட்டிக்கொண்டு போனால் ஏர்போர்ட் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், கருவேப்பிலைக் கொத்துக்கும் அமெரிக்காவில் அதே கதி.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை இவற்றில் சில வளைகுடாவில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்துக்கொண்டு அங்கே போய்க் கண்ணாடிக்கு அழுவானேன், இரண்டு கண்ணாடியாகப் போட்டு, பவர் எழுதிய சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

மிக்ஸி விஷயம். துபாய், சிங்கப்பூர், லண்டன் என்றால் நம் ஊர் வோல்டேஜ்தான், சதுர மூன்று பின்னுக்கு ஒரு அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் மிக்ஸி அங்கே முனகும், தேங்காய் அரைபடாது. அங்குள்ள இந்தியக் கடைகளில் 110 வோல்ட் மிக்ஸி கிடைக்கிறது, தூக்கிச் சுமக்காதீர்கள். மாவு குளிரில் பொங்காது, ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் பொங்கும். மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், இல்லையென்றால் ஸ்மோக் அலாரம் கத்தி மொத்த மாடியும் கீழே இறங்கி நிற்கும். பிளாஸ்டிக் மக்கு ஒன்று கண்டிப்பாக வையுங்கள், எதற்கென்று போனபிறகு புரியும்.

லீவில் ஊருக்கு வரும்போது

எவ்வளவு முடித்துவிட்டுப் போனாலும் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டிய வேலை நாலைந்து சேர்ந்துவிடும். எல்லாருக்கும் சித்திரைத் திருவிழாவுக்கு வரத்தான் ஆசை, வாருங்கள், ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அதற்கு முன்னும் பின்னும் மாசி வீதிப் பக்கம் வண்டியே நகராது. பொங்கலுக்கு வந்தாலும் ஜனவரி நடுவில் ஆபீஸ்கள் வரிசையாக மூடியிருக்கும், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளும் அந்த நாட்களில்தான். திருவிழாவுக்கு முன்னால் நாலைந்து முழு வேலை நாள் கிடைக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பேங்கையும் சார்பதிவாளர் ஆபீஸையும் வந்த முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் ஒரே நடையில் முடிகிற வேலை எதுவும் அங்கே கிடையாது, "நாளைக்கு வாங்க" என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு 'நாளைக்கு' வேண்டுமல்லவா.