டிரைவால் இணைப்புக்குப் பட்டி பார்ப்பது எப்படி?

அமெரிக்கா, கனடா வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் அரை அங்குல டிரைவால் பலகைதான். ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கிறார்களே ஜிப்சம் போர்டு, அதே சரக்கு. பேஸ்மென்ட்டில் அறை போடுகிறவர்களுக்குப் பலகை திருகுவது சீக்கிரம் முடிந்துவிடும். பொறுமையைச் சோதிப்பது இணைப்பை மறைக்கும் வேலை.

வேண்டியவை: 6 அங்குலத் தகடு, 12 அங்குலத் தகடு, கலவைத் தட்டு, பேப்பர் டேப், வாளியில் கலந்தே வரும் ஜாயின்ட் காம்பவுண்ட், அதாவது இணைப்புக்கான பட்டிக் கலவை. தானே ஒட்டிக்கொள்ளும் வலை டேப் சுலபமாகத் தெரியும். ஆனால் அதன்மேல் முதல் பூச்சுக்குத் தண்ணீரில் கலந்து இறுகும் பவுடர் வகைதான் சரி. வாளிக் கலவை போட்டால் பின்னாளில் விரிசல் விடக்கூடும். புதியவர்களுக்குப் பேப்பர் டேப்பே என் சிபாரிசு.

1. திருகுகளின் மேல் தகட்டை ஓட்டுங்கள். 'டிக்' என்று தட்டினால் இன்னும் கொஞ்சம் முடுக்குங்கள், மேல்தாள் கிழியாமல். பெரிய இடைவெளிகளை முதலிலேயே அடைத்துக் காயவிடுங்கள்.

2. கலவையில் சிறிது தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இணைப்பின் நீளத்துக்கும் இழுத்துப் பூசி, டேப்பை நடுவில் ஒட்டி, 6 அங்குலத் தகட்டால் அழுத்தி வழியுங்கள். டேப்புக்கு அடியில் மெல்லிய கலவை எங்கும் இருக்க வேண்டும்; வறண்ட இடத்தில் குமிழ் வரும். வந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து மறுபடி ஒட்டுவதுதான் வழி. உள்மூலைக்கு டேப்பை நடுக்கோட்டில் மடித்து ஒட்டுங்கள். அடுத்த பூச்சுகளில் ஒரு பக்கம் காய்ந்த பிறகே மறுபக்கம்.

3. 24 மணி நேரம் காயவிடுங்கள். பேஸ்மென்ட் ஈரம் என்றால் இன்னும் கூட. முழுக்க வெளுக்கும் வரை தொடாதீர்கள்.

4. துருத்தும் பிசிறுகளைத் தகட்டால் சுரண்டிவிட்டு, 12 அங்குலத் தகட்டால் இரண்டாம் பூச்சு. காய்ந்ததும் மூன்றாவது, இன்னும் அகலமாக, இன்னும் மெல்லியதாக. ஓரத்தில் தகட்டை அழுத்தி இழுத்தால் கலவை சுவரோடு கரைந்து நிற்கும்.

இப்போது வில்லங்கமான இடம். பலகையின் நீளவாட்டு ஓரங்கள் சற்றுச் சரிவாக இருக்கும். டேப் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். குறுக்கு ஓரங்களில் பள்ளம் கிடையாது. அங்கே டேப் ஒட்டினாலே மேடுதான். மேட்டின்மேல் கலவையைக் குவிக்காமல், அதன் இரு பக்கமும் ஓர் அடி வரை மெல்லப் பரப்புங்கள். மேடு போகாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவ்வளவுதான் இதில் சாத்தியம். பலகை அடிக்கும்போதே குறுக்கு இணைப்புகளைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

5. 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளம் காட்டிக்கொடுக்கும். எங்கு அதிகம் தேய்க்க வேண்டியிருக்கிறதோ, அங்கு பூச்சு தடிமன் என்று அர்த்தம். தூசி நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் கட்டாயம். பழைய வீட்டுச் சுவரைத் தேய்க்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டிக் கலவைகளை அமெரிக்கா தடை செய்ததே 1977-ல்தான். மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகே கை வையுங்கள்.

6. தூசியைத் துடைத்து, டிரைவாலுக்கான பிரைமர் ஒரு கை. இதை விட்டால் பட்டியும் தாளும் பெயின்டை வெவ்வேறாக உறிஞ்சி, இணைப்பெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். பிரைமருக்குப் பிறகு கண்ணில் படும் சிறு குழிகளை அப்போதே நிரப்பிவிடுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொட்டு.