‘அன்னோன் நியூமா நோட்’ எச்சரிக்கை: இரண்டு சிபியு சர்வர்களில் என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் இரண்டு சிபியு உள்ள பழைய சர்வரை வாங்கி, அலுவலகக் கோப்புகளுக்கோ கோவிலின் காவடி நேரலைக்கோ ஓட்டுபவர்களுக்காக இந்தக் குறிப்பு. லினக்ஸ் தொடங்கும்போது டிமெஸ்ஜி (கெர்னல் செய்திகள்) பதிவில் “பிசிஐ பஸ்: அன்னோன் நியூமா நோட், பெர்ஃபார்மன்ஸ் வில் பி ரெட்யூஸ்ட்” என்று ஒரு வரி வந்தால் எதுவும் பழுதாகிவிட்டது என்று பொருள் இல்லை. பிசிஐ ஸ்லாட்டில் செருகிய அட்டை (நெட்வொர்க் கார்டு, ஜிபியு போன்றவை) எந்த சிபியுவோடு இணைந்திருக்கிறது என்று ஃபர்ம்வேர் (பலகையில் பதிந்த பயாஸ் மென்பொருள்) சொல்லவில்லை, லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு சாக்கெட் பலகையில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ரேம், தனி பிசிஐ தடங்கள் உண்டு. ஒரு சிபியுவும் அதன் ரேமும் சேர்ந்தது ஒரு நோட்; இப்படிப் பிரிந்த அமைப்புக்குத்தான் நியூமா என்று பெயர். முதல் நோட்டில் ஓடும் நிரல், இரண்டாவது நோட்டில் செருகிய நெட்வொர்க் கார்டைத் தொட வேண்டுமானால் சிபியுக்களுக்கு இடையே உள்ள இணைப்பைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இந்த விவரத்தை ஃபர்ம்வேர் மூன்று வழியில் தருகிறது. எந்த சிபியு, எந்த ரேம் எந்த நோட்டைச் சேர்ந்தது என்பது எஸ்ராட் அட்டவணையில் இருக்கும். நோட்டுகளுக்கு இடையிலான தூரம் ஸ்லிட் அட்டவணையில். தன் நோட்டுக்கு 10 என்பது விதி, ஸ்லிட் இல்லாவிட்டால் அடுத்த நோட்டுக்கு லினக்ஸ் தானாக 20 வைத்துக்கொள்ளும். பிசிஐ ஹோஸ்ட் பிரிட்ஜ் (அட்டைகளை சிபியுவோடு சேர்க்கும் பாலம்) எந்த நோட்டில் என்பதை பிஎக்ஸ்எம் என்ற பொருள் சொல்லும். எஸ்ராட் சரியாக இருந்து பிஎக்ஸ்எம் விடுபட்டிருந்தால்தான் மேலே சொன்ன வரி வரும். ஒரே நோட் உள்ள கணினியில் கெர்னல் அதைச் சொல்லவே சொல்லாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வரி உண்டு: “நோ நியூமா கான்ஃபிகரேஷன் ஃபவுண்ட்”. ஒற்றை சிபியு கணினியில் அது இயல்பு. இரண்டு சிபியு சர்வரில் வந்தால், பயாஸில் ‘நோட் இன்டர்லீவிங்’ (இரு சிபியுக்களின் ரேமையும் கலந்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு) இயங்கு நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை ‘டிஸேபிள்’ செய்தால்தான் நோட்டுகள் தனித்தனியாகத் தெரியும். பெயர் தலைகீழாக இருப்பதால் பலர் இங்கே தவறுகிறார்கள். ஏஎம்டி எப்பிக் பலகைகளில் இதே வேலையை ‘என்பிஎஸ்’ அமைப்பு செய்கிறது; அது 0 என்றிருந்தால் இரண்டு சாக்கெட்டும் ஒரே நோட்டாகிவிடும். அந்த வரிக்குப் பதிலாக “நியூமா டர்ன்ட் ஆஃப்” என்று வந்தால், கெர்னல் கட்டளை வரியில் யாரோ நியூமாவை ‘ஆஃப்’ செய்து வைத்திருக்கிறார்கள்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போதெல்லாம் பயாஸ் அமைப்பு பழையபடி மாறுகிறது, தேதியும் தவறாக இருக்கிறது என்றால், பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிவிட்டு அமைப்புகளைத் திரும்ப வையுங்கள்.

இனி அட்டையைப் பார்ப்போம். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் அதன் முகவரியை எடுங்கள். ‘சிஸ்’ அடைவில் பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று இறங்கி, அந்த முகவரிக்குள் ‘நியூமா நோட்’ கோப்பைத் திறந்தால் 0 அல்லது 1 இருக்க வேண்டும். மைனஸ் 1 இருந்தால் விவரம் இல்லை. நியூமாசிடிஎல் கட்டளையின் ‘ஹார்ட்வேர்’ தேர்வு நோட்டுகளையும் ஒவ்வொன்றின் ரேம் அளவையும் காட்டும். ஒரு நோட்டில் 0 எம்பி என்று வந்தால் ரேம் எல்லாம் ஒரே சிபியுவின் பக்கம் செருகப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துச் செருகுவதுதான் முதல் வேலை.

கணினி மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கீமு நிரலை நீங்களே நடத்துகிறீர்கள், அட்டையை நேரடியாக உள்ளே விட்டிருக்கிறீர்கள் என்றால் மட்டும் ‘பிஎக்ஸ்பி-பிசிஐஇ’ பிரிட்ஜைச் சேர்த்து, அதற்கு நோட் எண் கொடுத்து, அட்டையை அதன் கீழ் வையுங்கள். 1 கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்காகவும் மெனக்கெட வேண்டாம், வித்தியாசம் தெரியாது. 25 கிகாபிட்டும் அதற்கு மேலும், ஜிபியு, பல என்விஎம்இ வட்டுகள் (பிசிஐ வழி இணையும் வேகமான எஸ்எஸ்டிகள்): இவற்றுக்குத்தான் இந்த உழைப்பு தகும்.

உண்மையான நோட்டைக் கண்டுபிடிக்க பலகையின் கையேட்டில் உள்ள கட்டப் படமே நம்பகமானது. எந்த ஸ்லாட் எந்த சிபியுவுக்கு என்று அதில் இருக்கும். கையேட்டில் சிபியு 1 என்பது பெரும்பாலும் லினக்ஸில் நோட் 0. இன்டெல் பலகைகளில் பஸ் எண் 80 அல்லது அதற்கு மேல் (ஹெக்ஸ், அதாவது பதினாறு அடிமான எண்ணில்) இருந்தால் இரண்டாவது சிபியுவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அளந்து பார்க்க விரும்பினால், நிரலையும் ரேமையும் ஒருமுறை நோட் 0இலும் ஒருமுறை நோட் 1இலும் கட்டிவைத்து 30 விநாடி வீதம் மும்மூன்று முறை ஓட்டுங்கள். நெட்வொர்க் கார்டுக்கு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தையும், ஜிபியுவுக்கு ரேமிலிருந்து நகல் வேகத்தையும் பாருங்கள். ஒற்றை எஸ்எஸ்டியில் இது பயன்படாது: வட்டின் சொந்தத் தாமதமே பல பத்து மைக்ரோ விநாடி, நோட் வித்தியாசம் அதில் மறைந்துவிடும்.

சரியான தீர்வு ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே. லோட் ஷெடிங் (திட்டமிட்ட மின்வெட்டு) நடப்பில் இருந்தால் அதன் அட்டவணையைப் பார்த்து, அடுத்த வெட்டுக்குப் பல மணி நேரம் இருக்கும்போது, யுபிஎஸ்ஸில் குறைந்தது அரை மணி நேரம் தாங்கும் அளவு சார்ஜ் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் பலகையே எழாமல் போகலாம். புதுப்பித்ததும் பயாஸ் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம், நோட் இன்டர்லீவிங்கை மறுபடி சரிபாருங்கள்.

புதுப்பிப்பில் தீர்வு இல்லையென்றால் ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) அந்த ‘நியூமா நோட்’ கோப்பில் சரியான எண்ணை எழுதலாம். இயங்கும் நோட்டின் எண்ணை மட்டுமே அது ஏற்கும். கெர்னல் “ஃபர்ம்வேர் பக்” என்று பதிவுசெய்து, டெயின்ட் மதிப்பில் (கெர்னல் தன் மேல் இட்டுக்கொள்ளும் குறி) 2048 சேர்க்கும்; அது பயப்பட வேண்டியதல்ல. ஆனால் டிரைவர் தன் ரேமை ஏற்றப்படும்போதே எடுத்துக்கொள்கிறது, பிறகு எண்ணை மாற்றினால் அந்த ரேம் இடம் மாறாது. டிரைவரை அட்டையிலிருந்து ‘அன்பைண்ட்’ செய்து (அவிழ்த்து), எண்ணை எழுதி, மறுபடி ‘பைண்ட்’ செய்ய (கட்ட) வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே இருந்துகொண்டு அதே நெட்வொர்க் கார்டை அவிழ்த்தால் தொடர்பு அறுந்துவிடும். கன்சோலில் (சர்வரின் சொந்தத் திரையும் விசைப்பலகையும்) உட்கார்ந்து செய்யுங்கள்.

ரீபூட் செய்தால் இந்த எண் போய்விடும். நிலைக்க வைக்க யூடெவ் (சாதனங்கள் தோன்றும்போது செயல்படும் லினக்ஸ் சேவை) விதி எழுதுங்கள்: பிசிஐ சாதனம் சேர்க்கப்படும் நிகழ்வில், அந்த முகவரிக்கு, நோட் எண்ணை வைக்கும் ஒரே வரி போதும். பெரும்பாலும் டிரைவர் ஏற்றப்படும் முன்பே இது நடந்துவிடும். டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (தொடக்கத்தில் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இருந்தால் விதியையும் அதற்குள் சேர்த்து மறுபடி உருவாக்க வேண்டும், இல்லாவிட்டால் விதி தாமதமாக வரும். புது அட்டை செருகினால் பஸ் எண்கள் நகரலாம் என்பதால் முகவரியைத் திரும்பப் பாருங்கள்.

அதன்பின், அட்டைகள் சிபியுவை அழைக்கும் இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பகிரும் ஐஆர்க்யூ-பேலன்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்து, ‘ப்ராக்’ அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த அட்டையின் எண்ணிக்கை சரியான நோட்டின் கோர்களில் ஏறுகிறதா என்று பாருங்கள். வேறு நோட்டில் ஏறினால் ‘எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட்’ கோப்பில் கோர் எண்களைக் கையால் எழுதலாம். நேரலை நிரலையும் அதே நோட்டில் தொடங்குங்கள். கார்டு ஒரு பக்கமும் நிரல் இன்னொரு பக்கமும் இருந்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை.

பின்னொரு நாள் பிஎக்ஸ்எம் சரிசெய்த ஃபர்ம்வேர் வெளியானால், அதை ஏற்றியதும் யூடெவ் விதியை நீக்குங்கள். பழைய விதியில் தவறான எண் இருந்தால், ஃபர்ம்வேர் சொல்லும் சரியான எண்ணையும் அது அழித்து எழுதிவிடும்.