ஊரணிக்கு வரத்துத் தரும் நிலத்தைக் காப்பது எப்படி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் குடிநீர் ஊரணியைக் காக்கப் பணம் வந்தால் முதலில் சுற்றுச்சுவரும் கம்பிவேலியும்தான் எழும்பும். ஊரணி கெடுவதோ பெரும்பாலும் வேலிக்கு வெளியே. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலமென்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ‘ஊரணி’ என்றிருப்பது தண்ணீர் நிற்கும் சர்வே எண் மட்டும்தான். மழைநீர் ஓடிவந்து வரத்துத் தரும் மேட்டு நிலம் பட்டாவாகவோ தரிசாகவோ மேய்ச்சல் தரையாகவோ பதிவாகியிருக்கும். அங்கே மனை போட்டாலும் சவுடு மண் அள்ளினாலும் ஊரணியின் பெயர் எந்தக் காகிதத்திலும் குறுக்கே வராது. அதை வரவைப்பதுதான் வேலை.

புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லை அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஊரணி வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எந்தச் சர்வே எண் வழியாக வருகிறதென்று குறியுங்கள். வெயில் காலத்தில் வரைந்தால் தப்பாகும். ஒரு சாண் உயர வண்டிப்பாதைகூடத் தண்ணீரைத் திருப்பிவிடும், காய்ந்த தரையில் அது கண்ணுக்குத் தெரியாது.

பிறகு ஒரு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 10 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 50 லட்சம் லிட்டர்; அதில் கால்வாசி ஓடிவந்தால் 12.5 லட்சம். புதுச் சாலை 4 ஹெக்டேரைத் துண்டித்தால் அந்த ஒரே மழையில் 5 லட்சம் லிட்டர் போகிறது. மனுவில் ‘நீர்வரத்து பாதிக்கிறது’ என்று எழுதாமல் இந்த எண்ணை எழுதுங்கள்.

புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். பலர் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மனு எழுதுகிறார்கள். அது பொதுப்பணித்துறை ஏரிகளுக்கானது, ஊராட்சி ஊரணிக்குப் பொருந்தாது என்று மனு திரும்பிவிடும்.

பட்டா நிலம்தான் சிக்கல். கிராம சபைத் தீர்மானம் மட்டும் பட்டாதாரரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டத்தில் வரத்துச் சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுத் தீர்மானம் போட்டு, நகல்களை வட்டாட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்பி ஒப்புகை வாங்கி வையுங்கள். மனைப்பிரிவு வரைபடம் வரும்போது வரத்துக்கால் (ஊரணிக்குத் தண்ணீர் வரும் கால்வாய்) தனித் துண்டாகக் காட்டப்பட்டு, சாலையைப் போலவே தானப் பத்திரமாக ஊராட்சிக்கு எழுதித் தரப்பட வேண்டுமென்று கேளுங்கள். மனை விற்ற பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தீர்மானத்தில் சேர்க்க வேண்டியவை: கழிப்பறைக் குழி ஊரணியிலிருந்து 30 மீட்டர், வரத்துக்காலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, வரத்துப் பரப்பில் சவுடு, செங்கல் சூளை, இறால் பண்ணை, குப்பைக் கிடங்கு கூடாது, குடிநீர் ஊரணியில் மீன் குத்தகை கிடையாது. குத்தகைப் பணம் ஊராட்சிக்கு வரும் என்பதால் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். மீனுக்குச் சாணம் கொட்டியதும் தண்ணீர் பச்சையாகிவிடும்.

சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாயின் அடிமட்டம் வரத்துக்காலின் தரைமட்டத்தோடு ஒட்ட வேண்டும். ஓர் அடி உயர்த்திப் பதித்துவிட்டால் அந்த ஓர் அடித் தண்ணீர் மேல்பக்கமே தேங்கிக் காயும். 600 மி.மீ. குழாயில் அடைப்பெடுக்க ஆள் நுழைவது கடினம், 900 மி.மீ. கேளுங்கள். கால்வாயில் சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டை விட்டால் தழைத்து வரும், வேரோடு தோண்ட வேண்டும். ஊரணி வாய்க்கு முன்னால் 3 × 2 மீட்டரில், 1 மீட்டர் ஆழத்தில் வண்டல் தொட்டி கட்டி, பலகை செருகக் காடி (பக்கச் சுவர்களில் நீளப் பள்ளம்) விடுங்கள். பருவத்தின் முதல் மழை ஆட்டுப் புழுக்கையையும் சாணத்தையும் அடித்துக்கொண்டு வரும். அன்று பலகையைப் போட்டு வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே விடலாம்.

வரத்துக் குறைந்ததை ஆழப்படுத்தி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடலோர ஊர்களில் அடிக் களிமண்ணைத் தாண்டித் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும், அல்லது நிற்கும் தண்ணீர் மணலில் இறங்கிவிடும். ஜேசிபி வருமுன் நடுவில் ஒரு சோதனைக் குழி போட்டு, மண்ணின் நிறமும் பிசுபிசுப்பும் மாறும் இடத்துக்கு இரண்டடி மேலேயே நிறுத்துங்கள்.