முழங்கால் மாற்று சிகிச்சை: ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி?

முதலில் அளவுகோலைப் பாருங்கள். இது முழங்கால் வலியையும் அன்றாடச் செயல்பாட்டையும் பற்றி நோயாளியே நிரப்பும் படிவம். இதில் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 48 என்றால் மிக நல்ல நிலை. பழைய ஆய்வுகளிலோ 12 முதல் 60 வரை, அதுவும் தலைகீழாக: எண் கூடினால் சிரமம் கூடுதல். அதை 60-இலிருந்து கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டு விடைகள் வரை விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை இட்டு நிரப்பலாம். அதற்கு மேல் போனால் மொத்தம் போடாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிந்தைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 15-இலிருந்து 33-க்கு வந்தவருக்கு 18 புள்ளி முன்னேற்றம். 36-இலிருந்து 40-க்குப் போனவருக்கு வெறும் 4. அது அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். உச்சம் 48 என்பதால் அவரால் 12 புள்ளிக்கு மேல் கூடுதலாகப் பெறவும் முடியாது. ஆகவே தொடக்க மதிப்பெண்ணில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டாமல் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடுவது நியாயமே இல்லை. சரிக்கட்டிய பிறகும் சராசரி வேறுபாடு சுமார் 5 புள்ளியாவது இருந்தால்தான் அது நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கது. ஆயிரக்கணக்கானோரை எடுத்தால் 1 புள்ளிக்குக்கூட பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) சிறிதாக வரும்; அதை மட்டும் நம்பாதீர்கள்.

மறு அறுவை விகிதத்தையும் (பொருத்திய மூட்டுக்கு மீண்டும் அறுவை செய்துகொண்டவர்களின் பங்கு) பக்கத்தில் வையுங்கள். ஆனால் மறு அறுவை செய்துகொள்ளாமல் வலியோடு வீட்டிலேயே இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். படிவத்தைத் திருப்பித் தராதவர்களின் வயதையும் தொடக்க மதிப்பெண்ணையும் தந்தவர்களோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.